மீன்–பயிர்க் கூட்டுவளர்ப்பும் யாழ்ப்பாணத்து நன்னீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் ஓடி வேனிலில் வறண்டுவிடும் வழுக்கையாற்றை ஆறென வழங்குதல் பெயரளவிலேயே அமையும். நீரைத் தேக்கி வழங்கத்தக்க மலையும் இங்கில்லை. எனினும், மக்கள் இந்நிலத்தில் நெருங்கி வாழ்ந்து, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்து, தோட்டச் செய்கையிற் பெயர் பெற்று விளங்கினர். இவ்வாழ்வனைத்துக்கும் ஆதாரமாய் நின்றது கிணறு. துலாவினால் இறைத்த காலத்திலும், நீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும், அந்த ஆதாரம் மாறியதில்லை. ஆகவே, கிணற்று நீருக்கு நேரும் கேடு யாதாயினும் அஃது இந்நாட்டு வாழ்வின் வேருக்கே நேரும் கேடாகும்.

இக்கிணற்று நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்த இக்கல்லினூடாக மழைநீர் எளிதிற் கீழிறங்கும். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி ஈறாக வீசும் வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைப்பது. நிலத்துள் இறங்கிய நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்து கிடக்கும் உவர்நீரின்மேல், அடர்த்தி குறைந்த காரணத்தால் மிதந்து நிற்கின்றது. இருபுறமும் குவிந்த கண்ணாடி வில்லையை ஒத்தது அதன் வடிவம். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபன் என்பாரும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செருமானியரான எர்சுபேக்கு என்பாரும் தனித்தனியே கண்ட விதியாகும். புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கேணியில் மேல்நீர் நன்னீராகவும், ஆழஞ் செல்லச் செல்ல உவராகவும் இருத்தல் இவ்வுண்மைக்குச் சான்று. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை ஆகிய பகுதிகளில் இத்தகைய நீர்வில்லைகள் உள்ளன.

இவ்வமைப்பிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. மேலே ஊற்றியது கீழே சேரும். கீழே சேர்ந்தது கிணற்றின் வழியாக மீண்டும் மேலே வரும். ஒருவர் வளவில் விழுந்த அழுக்கு மற்றொருவர் வளவிற் குடிநீராகும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை இதனை ஊரறியச் செய்தது. அது தொடர்பான வழக்கில் 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. எண்ணெயைக் கண் காணும், மூக்கு மணக்கும். ஆனால், நிறமும் மணமும் சுவையும் இன்றி நீரிற் கலந்து நிற்கும் பொருளை யார் அறிவார்? அத்தகைய பொருளே நைத்திரேற்று.

நைத்திரேற்று இயல்பில் நஞ்சன்று. பயிருக்கு அதுவே உணவு. குடிநீரில் மிகும்பொழுதே அது தீங்காகின்றது. பாற்புட்டியில் உணவூட்டப்படும் சிசுக்களின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குன்றச் செய்கின்றது. சிசுவின் உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கே இறுதி நேர்தலும் உண்டு. அமெரிக்க மருத்துவரான கொம்லி என்பார் 1945ஆம் ஆண்டு இந்நோய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்திற் செறிந்த தோட்டச் செய்கை நடைபெறும் இடங்களிற் பல கிணறுகள் இவ்வரம்பைக் கடந்துள்ளன என்பதை 1980கள் முதலாக நிகழ்ந்த ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. நீரைக் கொதிக்க வைத்தலால் இது நீங்காது. நீர் வற்ற வற்ற இதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

தோட்டத்தில் இடும் உரமும், வீட்டு மலக்குழியுமே இதற்குப் பெருங் காரணங்கள். உரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சிறு கணக்கொன்று செய்து பார்த்தல் தகும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஒரு கிலோகிராம் யூரியாவிலுள்ள 460 கிராம் நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாக மாறின் ஏறக்குறைய 2 கிலோகிராம் நைத்திரேற்று உண்டாகும். பயிர் அதிற் பாதியைக் கொண்டு எஞ்சிய பாதி நிலத்துள் இறங்கின், 20,000 இலீற்றர் தூயநீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவர அதுவே போதும். பண்டை உழவர் குழை தாழ்த்தும், ஆட்டுப்பட்டி அடைத்தும், சணல் விதைத்து மடித்து உழுதும் நிலத்துக்கு ஊட்டம் அளித்தனர். அவ்வூட்டம் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. விரைந்து கரையும் உரமும், விரைந்து இறைக்கும் இயந்திரமும் ஒருங்கு வந்தபோது, பயிர் உண்ணுமுன் உணவு கீழிறங்கலாயிற்று. 2021ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டிலேயே அத்தடை தளர்த்தப்பட்டது. உரத்தை அளவின்றி இடுதலும், ஒரே நாளில் அறவே நிறுத்துதலும் ஆகிய இரண்டும் தீர்வாகா என்பதை உழவர் அப்போது பட்டறிந்தனர்.

இந்நிலையிலே, மீனையும் பயிரையும் ஒரே நீரில் வளர்க்கும் முறை ஆராயத்தக்கதாகின்றது. இதனை 'அக்குவாபோனிக்சு' என வழங்குவர். மீன்–பயிர்க் கூட்டுவளர்ப்பு என்று தமிழிற் கூறலாம். நெல்வயலில் மீன் வளர்க்கும் வழக்கம் ஆசிய நாடுகளில் மிகப் பழையது. தொட்டியும் கற்படுகையும் கொண்ட இன்றைய முறையோ 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவில் உருப்பெற்றது. நியூ அல்கெமி நிறுவனத்தாரும், வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தில் மாக்கு மக்மேட்றி என்பாரும், வேர்சின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் யேம்சு இரக்கோசி என்பாரும் இதனை வளர்த்தெடுத்தோருட் குறிப்பிடத்தக்கவர்.

இதன் உட்பொருள் எளிது. மீன் உண்ட உணவிலுள்ள புரதத்தின் ஒரு பகுதி அதன் உடலாகின்றது. எஞ்சிய நைதரசனிற் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாக நீரிற் சேர்கின்றது. அமோனியா மீனுக்கு நஞ்சு. ஆனால், கல்லின் மேற்பரப்பிற் படிந்து வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. வேறொருவகை அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றது. இவ்விரு படிகளும் வெவ்வேறு நுண்ணுயிர்களின் தொழிலென 1890 அளவில் நிறுவியவர் உருசிய அறிஞரான வினோகிராட்சுக்கி. நைத்திரேற்றைப் பயிர் உறிஞ்ச, தூய்மையுற்ற நீர் மீண்டும் மீனிடம் செல்கின்றது. நிலத்தினடியிற் கண்காணாது நிகழும் அதே மாற்றம் இங்கே ஒரு தொட்டியளவிற் கண்முன் நிகழ்கின்றது.

குளிர்நாட்டார் இத்தகைய அமைப்பை வீட்டின் நிலவறையில் வைத்து, செயற்கை விளக்கொளியிற் பயிர் வளர்ப்பர். வெளியிலுள்ள உறைபனியினின்றும் மீனைக் காத்தலே அவர் நோக்கம். யாழ்ப்பாணத்து வீடுகளில் நிலவறை இல்லை. தோண்டினாற் கல்லும், அதற்குக் கீழே நீருமே எதிர்ப்படும். இங்கு வேண்டப்படுவது குளிரினின்றும் காப்பன்று, வெயிலினின்றும் காப்பு. ஆதலின், கிழக்கு நோக்கிய பின்விறாந்தையோ, ஒருபுறம் திறந்த கொட்டிலோ தக்க இடமாகும். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் பயிரின்மேல் விழவேண்டும். மீன்தொட்டியோ நிழலில் இருத்தல் வேண்டும். நீரில் வெயில் பட்டாற் பாசி பெருகும்.

சிறு குடும்பத்துக்கு 500 இலீற்றர் கொள்ளும் மீன்தொட்டியும், ஒரு சதுர மீற்றர் பரப்பும் 30 சதமீற்றர் ஆழமுமுடைய பயிர்த்தொட்டியும் போதும். மீன்தொட்டியைச் சீமெந்தாற் கட்டுவதாயின், புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியுமாதலால், சில கிழமைகள் நீரை நிரப்பி நிரப்பி வெளியேற்றிய பின்னரே மீன் விடலாம். பயிர்த்தொட்டி தடித்த பிளாத்திக்கால் ஆயதாகுக. கல்லும் நீரும் நிரம்பியபின் அதன் பாரம் 500 கிலோகிராமுக்கு மேற்படும். ஆகவே, சீமெந்துக் கற்களால் உறுதியான தாங்கி அமைத்து, மீன்தொட்டியிலும் உயரமாக அதனை நிறுத்துதல் வேண்டும்.

பயிர்த்தொட்டியில் இடும் கல்லைத் தெரிதலில் யாழ்ப்பாணத்தவர் சிறப்பாகக் கருத்தூன்றல் வேண்டும். அண்டையிற் கிடைப்பது சுண்ணாம்புக்கல். அது சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் காரத்தன்மையை உயர்த்தும். நீரின் பி.எச். பெறுமானம் 7இலிருந்து 8ஆக உயரின், அமோனியாவில் நஞ்சாய் நிற்கும் பகுதி ஏறக்குறையப் பத்து மடங்காகும். இரும்பும் பயிருக்கு எட்டாததாகி இளந்தளிர் மஞ்சளிக்கும். ஆகவே, கருங்கற் சல்லியோ உடைந்த களிமண் ஓடோ இடுதல் நன்று. ஐயமிருப்பின் கல்லின்மேற் சிறிது வினாகிரி விட்டுப் பார்க்கலாம். நுரைப்பது சுண்ணாம்பு, நுரையாதது ஏற்புடையது. கற்கள் ஒன்றிரண்டு சதமீற்றர் பருமனுடையனவாய், நன்கு கழுவப்பட்டனவாய் இருத்தல் வேண்டும்.

நீருக்கும் இதே நியாயம் பொருந்தும். இங்குள்ள கிணற்று நீர் கல்சியம் மிகுந்த வன்னீர். தனியே பயன்படுத்தினாற் காரம் மிகும். கூரையிலிருந்து சேகரித்த மழைநீரோ மென்னீர். அமிலத்தை எதிர்க்கும் ஆற்றல் அதற்கில்லை. பற்றீரியாக்கள் அமோனியாவை மாற்றுகையில் அமிலம் உண்டாவதால், மழைநீர் மட்டுமே இருப்பின் நாளடைவில் நீர் புளிக்கும். மழைநீரை மிகுதியாகவும் கிணற்று நீரைக் குறைவாகவும் கலந்து, பி.எச். பெறுமானம் 7ஐ ஒட்டி நிற்குமாறு பார்த்துக்கொள்ளின் மீன், பற்றீரியா, பயிர் ஆகிய மூன்றும் உடன்பட்டு வாழும். குளோரின் இட்ட குழாய் நீராயின் ஓரிரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்துக.

மீன்தொட்டியில் அமிழ்த்திய சிறு மின்பம்பி நீரைப் பயிர்த்தொட்டிக்கு ஏற்றும். வேண்டிய உயரத்துக்கு மணிக்கு 1,000 இலீற்றர் ஏற்றவல்ல பம்பியை நேரமானி ஒன்றினால் அரைமணி இயக்கி அரைமணி நிறுத்தினால், மீன்தொட்டி நீர் மணிக்கு ஒருமுறை சுற்றிவரும். பயிர்த்தொட்டியின் அடியிலுள்ள சிறு துளை வழியாக நீர் வடிந்து மீன்தொட்டியில் விழும். துளையின் அளவை விஞ்சிவரும் நீர் கல்லின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வாயமைந்த நிமிர்குழாயால் வழியும். நீர் ஏறும்போது வேர் நனையும். வடியும்போது கல்லிடைக் காற்றுப் புகுந்து பற்றீரியாவுக்கும் வேருக்கும் ஒட்சிசன் கிடைக்கும். இதனோடு, மீனுக்கென இடையறாது காற்றூட்டும் சிறு பொறி ஒன்றும், மின்தடைக் காலத்தில் அதனை இயக்க ஒரு மின்கலமும் வேண்டும். 2022ஆம் ஆண்டில் மணிக்கணக்காக நேர்ந்த நீண்ட மின்வெட்டுக்களை நினைப்போர் இதனை மிகையெனக் கருதார். மின்கலமும் ஓய்ந்தவிடத்து, வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றுதலே கைகண்ட உபாயம்.

அமைப்பு முடிந்த அன்றே மீனை நிறைய விடுதல் புதியவர் பலர் செய்யும் பிழை. பற்றீரியாக்கள் கல்லிற் குடியேறிப் பெருக மூன்று தொடக்கம் ஆறு கிழமைகள் செல்லும். முதலில் அமோனியா ஏறி இறங்கும். பின்னர் நைத்திரைற்று ஏறி இறங்கும். அதன்பின் நைத்திரேற்று தோன்றி நிலைக்கும். நிறமாற்றத்தாற் காட்டும் எளிய சோதனைப் பொருள்களால் இம்மூன்றையும் அளந்தறியலாம். முன்னிரண்டும் ஏறக்குறைய இல்லையாகிய பின்னரே மீனின் தொகையைக் கூட்டலாம்.

மீன் வகையில் திலாப்பியா வன்மை மிக்கது. வெப்ப நீரில் நன்கு வளர்வது. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இவ்வினம் குளங்களிற் பெருகிய வரலாறு யாவரும் அறிந்ததே. எனவே, தொட்டி மீனைக் குளத்திலோ கேணியிலோ விடுதல் கூடாது. இவ்வளவு தொட்டிக்கு 20 குஞ்சுகள் போதும். சைவ உணவினரான குடும்பத்தார் பொன்மீன் முதலிய அழகுமீன்களை வளர்க்கலாம். பயிருக்கு இரண்டும் ஒன்றே. நுளம்புக் குடம்பிகளை மீன் உண்ணுமெனினும், தொட்டியை வலையால் மூடுதல் காகத்தினின்றும் மீனைக் காக்கும். பயிர்களில் வல்லாரை, பொன்னாங்காணி, வள்ளைக்கீரை, புதினா என்பன எளிதில் வளர்வன. வெங்காயம், மரவள்ளி போன்றவை இதற்கு ஏற்றனவல்ல. பயிருக்குப் பூச்சிநாசினி தெளித்தல் அறவே ஆகாது. அது முதலிற் கொல்வது மீனையே.

இம்முறையின் உயிர்நாடி அளவு. ஒரு சதுர மீற்றர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 தொடக்கம் 50 கிராம் மீனுணவு என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் விகிதம். 50 கிராம் உணவில் மூன்றிலொரு பங்கு புரதமாயின் அதனுள் அடங்கிய நைதரசன் ஏறக்குறைய 2½ கிராம். மீன் தன் உடலுக்கென மூன்றிலொரு பங்கை எடுத்துக்கொள்ள எஞ்சுவது 1.7 கிராம், அது முற்றும் மாறினால் 7½ கிராம் நைத்திரேற்று. 500 இலீற்றர் நீரில் இது நாளொன்றுக்கு இலீற்றருக்கு 15 மில்லிகிராம் ஏற்றமாகும். பயிரே இல்லாவிடின், அந்நீர் நான்காம் நாளிற் குடிநீருக்குரிய வரம்பைக் கடந்துவிடும்! பயிர் செழித்து நிற்கும்போதோ, நாள்தோறும் உணவு இட்டும் நைத்திரேற்று எல்லைக்குள் நிற்கும். கீரையைக் கொய்தபின் மீண்டும் நடாது விட்டால் அது மறுபடி ஏறும். இடுவதும் எடுப்பதும் ஒத்து நிற்கும்வரையே நீர் நல்ல நீர் என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல கருவி வேறில்லை.

குடாநாட்டின் நீர்வில்லையும் இத்தகைய தொட்டியே. வேற்றுமை காலத்திலேயே உள்ளது. சிறு தொட்டியில் நான்கு நாளிற் புலப்படும் பிழை, பெருந்தொட்டியில் ஒரு தலைமுறை கழித்துப் புலப்படுகின்றது; சிறு தொட்டியின் நீரை மாற்றலாம், பெருந்தொட்டியின் நீரை மாற்றுவார் இல்லை. 2024ஆம் ஆண்டில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தொடக்கிவைக்கப்பட்டது. அது வேண்டிய பணியே. எனினும், கடல்நீரை நன்னீராக்க மின்வலுவும் பொருளும் மிகச் செலவாகும். மழை விலையின்றித் தந்த நீரைப் பேணுதலுக்கு அஃது ஈடாகாது.

இக்கூட்டுவளர்ப்பின் எல்லையையும் மறைத்தலாகாது. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் விளைச்சலை இது தரமாட்டாது. மீனுணவை விலைக்கு வாங்கவேண்டும்; மின்சாரம் வேண்டும்; நாள்தோறும் கவனிப்பு வேண்டும். பொற்றாசியமும் இரும்பும் குறையுமிடத்துத் தனியே சேர்த்தல் வேண்டும். தொட்டியிலிருந்து அகற்றும் அழுக்கு நீரைக் கிணற்றடியில் ஊற்றுவார் இம்முறையின் பயனைத் தாமே அழிப்பர். வாழைக்கும் முருங்கைக்கும் சிறுகச் சிறுக அதனைப் பகிர்ந்தூற்றல் தக்கது. ஆவியாகியும் பயிர் பருகியும் குறையும் நீரை ஈடுசெய்ய நாளொன்றுக்கு 5 தொடக்கம் 15 இலீற்றர் போதும் என்பது இதன் சிறப்பு. வீட்டுக்குக் கீரையும் இடையிடையே மீனும் கிடைத்தல் இதன் ஊதியம்.

அதனினும் மேலான ஊதியம் கல்விச்சாலைகளுக்கு உண்டு. பள்ளியின் விஞ்ஞானக் கூடத்தை அடுத்து இத்தகைய அமைப்பொன்றை நிறுவி, இட்ட உணவின் நிறையையும், கொய்த கீரையின் நிறையையும், நீரின் நைத்திரேற்றையும் மாணவர் நாள்தோறும் குறித்து வரலாம். அதே சோதனைப் பொருளால், தத்தம் வீட்டுக் கிணற்று நீரையும் ஒரு போத்தலிற் கொணர்ந்து, மாரிக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் அளக்கலாம். தொட்டியின் கணக்கைக் கற்ற மாணவன் அக்கிணற்றின் எண்ணைக் கண்டு அதன் பொருளை உணர்வான். உணர்ந்ததைத் தோட்டஞ் செய்யும் தந்தைக்கு எடுத்துரைப்பான். எவ்வளவு உரத்தைப் பயிர் உண்ணும், எவ்வளவு கிணற்றுக்கு இறங்கும் என்னும் வினா அவ்வீட்டில் எழுமாயின், மீன்தொட்டிக்குச் செலவிட்ட பொருளும் உழைப்பும் பன்மடங்காகத் திரும்பிவந்தன எனலாம்.